சிப்பித்துறையில் அஞ்சரை

சிப்பித்துறையில் இறந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து டீ கேட்ட கதையை வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை, நம்பாததில் அவர்கள்மேல் குற்றமும் இல்லை, ஏனென்றால் அது சிப்பித்துறைப் பேரூராட்சியில் பதிவான சாவுகளுக்கு மட்டும்தான் நடந்தது. எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம் பத்தடி தள்ளி விழுந்து செத்தவன், யார் எவ்வளவு அழுது புரண்டாலும், செத்தவன்தான்.

முதலில் எழுந்தவர் மீன் ஏலக்கூடத்தில் ஏலம் கூறுகிற லியோன். ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார், டாக்டர் சீட்டு எழுதினார், மைத்துனர் சீட்டைக் கொண்டுபோய்ப் பேரூராட்சியில் பதிந்தார், பதிந்துவிட்டு அவர் வீடு திரும்புவதற்குள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்களுக்கு நடுவில் லியோன் எழுந்து உட்கார்ந்து, தொண்டை வறளுகிறது, ஒரு டீ போடுங்கள் என்றார். ஒப்பாரி நின்றது. அவர் மனைவி முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு, சீனி போடவா வேண்டாமா என்று கேட்டாள், அவருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது. "இனிமே என்ன யோசன, ரெண்டு கரண்டியாப் போடு" என்றார் லியோன். அன்று மத்தியானம் சாப்பிட்டு, பேரப்பிள்ளைகளை அதட்டி, இரண்டு நாற்பதுக்குப் பேசிக்கொண்டிருந்த பேச்சை முடித்துவிட்டுப் படுத்தார், பிறகு எழவில்லை. பேரூராட்சி கொடுத்த இறப்புச் சான்றிதழிலும் நேரம் இரண்டு நாற்பது என்றுதான் இருந்தது.

இது யாருடைய கைவேலை என்று ஊரில் ஒருத்திக்குத்தான் தெரியும். பிறப்பு இறப்புப் பதிவேட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் வேலைக்கு ஒப்பந்தத்தில் வந்து, மாற்றி முடித்த பிறகு அதே நாற்காலியில் பதிவு செய்கிறவளாகவும் ஒட்டிக்கொண்ட டெல்பின்தான் அவள். உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒரு நேரம் உண்டு, நம் ஊர்க் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முந்தி ஓடுகிறது. டெல்பின் எழுதிய சாஃப்ட்வேர், நாம் தருகிற நேரத்தில் ஐந்தரை மணியைக் கழித்து உலக நேரமாக உள்ளே வைத்துக்கொள்ளும், சான்றிதழ் அச்சடிக்கும்போது ஐந்தரையைக் கூட்டி நம் நேரமாகத் திருப்பித் தரும். கழிக்கிற வரியை மட்டும் ஒரு நாள் சோதனைக்காக நிறுத்திவைத்திருந்தாள். இந்தத் தொழில் செய்கிறவர்கள் ஒரு வரியை அழிக்க மனம் வராவிட்டால் அதன் முன்னால் இரண்டு சாய்கோடு போட்டு வைப்பார்கள். வரி அங்கேயே கிடக்கும், கம்ப்யூட்டர் அதைப் படிக்காமல் தாண்டிப் போகும். டெல்பின் சாய்கோட்டை எடுக்க மறந்துபோனாள். கழிக்காமலே கூட்டியதால் ஊரில் செத்தவர்கள் எல்லாரும் ஐந்தரை மணி நேரம் பிந்திச் செத்ததாக அச்சானது. அரசாங்க முத்திரை குத்திய காகிதத்தில் ஒரு மனிதர் இரண்டு நாற்பது வரை உயிரோடிருந்தார் என்று இருந்தால், அவர் இருந்துதானே ஆக வேண்டும்.

நான்காவது சாவின்போதுதான் அவள் தப்பைக் கண்டுபிடித்தாள். சாய்கோட்டை அழிக்கக் கையை விசைப்பலகையில் வைத்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு தாய் சீட்டோடு நின்றாள், லாரி மோதிச் செத்த பத்தொன்பது வயசு மகளின் சீட்டு. டெல்பின் கையை எடுத்துக்கொண்டு, சீட்டில் இருந்த நேரத்தை அப்படியே அடித்தாள். அன்று சாயங்காலம் வரை அந்தத் தாய் மகளுக்குத் தலை சீவி, பின்னி, அவிழ்த்து, மறுபடியும் பின்னிக்கொண்டிருந்தாள் என்று ஊரே பேசியது. அதைக் கேட்ட பிறகு சாய்கோட்டை எடுக்க எந்த மனுஷிக்கு மனசு வரும்?

ஊர் அதற்கு அஞ்சரை என்று பெயர் வைத்தது. பெயர் வைத்த பிறகு அதிசயம் பழக்கமாவதற்கு அதிக நாள் பிடிக்கவில்லை. அவருக்கு அஞ்சரை முடிந்ததா, இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறதா, அதற்குள் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்துவிடலாமா என்று மீன் வாங்கப் போகிற பெண்கள் விசாரித்துக்கொண்டார்கள். சாவுச்சீட்டோடு ஓடுகிறவர்களுக்கு லாரியும் பஸ்ஸும் ஒதுங்கி வழிவிட்டன. எந்த வேளையில் சாவு விழுந்தாலும் திறப்பதற்கு அலுவலகச் சாவி ஒன்று டெல்பின் வீட்டு ஆணியில் தொங்கியது. கோவிலில் துக்கமணி இரண்டு முறை அடித்தது, போகும்போது ஒரு தரம், நிஜமாகவே போகும்போது ஒரு தரம். எழுந்தவர்களிடம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பயனில்லை, ஏனென்றால் மத்தியானத் தூக்கத்தில் இருந்து எழுந்தவர்களைப்போல அவர்களுக்கு ஒன்றும் ஞாபகம் இருக்கவில்லை. ஒருவர் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொல்வதற்குள் நேரம் முடிந்து போய்விட்டார், ஒருவர் டாக்டர் தடுத்திருந்த கருவாட்டை வயிறு முட்டத் தின்றார், தையல் வேலை செய்த ஒருத்தி பாதியில் நின்ற ரவிக்கைக்குக் கொக்கி வைத்து முடித்தாள், ஒரு கிழவர் ஐந்தரை மணி நேரமும் குறட்டை விட்டுத் தூங்கினார், அவரை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. மஸ்கட்டில் இருக்கிற மகன்கள் நம்மைவிட ஒன்றரை மணி பிந்திய தங்கள் கடிகாரத்தோடு கணக்குப் போட்டுப் போன் செய்தார்கள். பங்குச்சாமியார், சாகும் வேளையில் தைலம் பூசுகிற அவஸ்தைப்பூசுதலை ஒருமுறை பெற்றவரிடம் மறுபடி பாவசங்கீர்த்தனம் கேட்கலாமா என்று மேலிடத்துக்கு எழுதினார், பதில் வரவில்லை, ஆகவே கேட்டார். பிறந்த குழந்தைகள் பிறந்து ஐந்தரை மணி நேரம் கழித்தே முதல் அழுகை அழுதன, அதுவரை கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு கிடந்தன. தாய்மார்கள் அதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார்கள்.

பிறகு ஒருவன் அண்ணனோடு இருந்த பகையில் அந்த அண்ணனின் சாவுச்சீட்டைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுவதும் சுற்றினான். நேரம் கடந்தபின் பதிந்ததால் அண்ணன் எழவில்லை. அது கொலைக்குச் சமம் என்றது ஊர்க்கமிட்டி. அன்றிலிருந்து சீட்டு வீட்டார் கைக்குப் போகாது, கமிட்டித் தலைவர் கொறைராவே டாக்டரிடம் வாங்கிக்கொண்டுவந்து ஜன்னலில் நீட்டுவார், பதிந்தாயிற்று என்று டெல்பின் சொல்லும்வரை நகரமாட்டார் என்று ஏற்பாடானது. இப்படித்தான் கிடைத்த கொடையைக் கட்டாயமாக்கிக்கொண்டது சிப்பித்துறை. யாருக்கும் அது உறைக்கவில்லை, டெல்பினுக்கும்தான்.

உறைத்தது அந்தோணிப்பிச்சையின் சாவில். படகு என்ஜின் வெடித்து உடம்பெல்லாம் வெந்து, மூன்று நாள் கிடந்து, ஒரு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அவனுக்கு விடுதலை கிடைத்தது. கொறைரா சீட்டு கொண்டுவந்தார். டெல்பின் பதினொன்று என்று அடித்தாள். அடித்த மாத்திரத்தில் மூன்று தெரு தள்ளிக் கேட்ட அந்தக் கத்தல் நாலரை மணி வரை நிற்கவில்லை. ஊர் ஜன்னல்களைச் சாத்தியது, டிவியைச் சத்தமாக வைத்தது, சிலர் கடற்கரைக்குப் போய் அலைக்குப் பக்கத்தில் நின்றார்கள். ஐஸ் பேக்டரியில் இருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்த டெல்பினின் புருஷன் ரோமால்ட் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

மறுநாள் டெல்பின் கமிட்டி முன்னால் போய் எல்லாவற்றையும் சொன்னாள், சாய்கோடு, கழித்தல், கூட்டல், எல்லாம். திருத்திவிடுகிறேன் என்றாள். யாருக்கும் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. "ஒரு அந்தோணிப்பிச்சைக்காக ஊரு மொத்தத்துக்கும் இல்லாமப் பண்ணுவியா பிள்ள?" என்று கேட்டார் கொறைரா. "கடல்ல போற ஊரு இது. என்னைக்கு எவன் வீட்டுக்கு என்ன வரும்னு யாரு கண்டா? அந்த வரியத் தொடமாட்டேன்னு சிலுவையத் தொட்டுச் சொல்லு." டெல்பின் சிலுவையைத் தொட்டுச் சொன்னாள்.

அந்த வருடம் ஆடி முடிவதற்குள் ரோமால்டுக்கு எலும்பில் புற்று என்று தெரிந்தது. ஐஸ் பாளங்களைக் கொக்கியில் மாட்டி இழுத்துத் தள்ளிய ஆள் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தான். மருந்து வலியைத் தூங்கவைத்தது, பிறகு மருந்துதான் தூங்கியது, வலி முழித்துக்கொண்டிருந்தது. ஒரு மத்தியானம் அவன் கண்ணை மூடியபடியே பேசினான்.

"டெல்பி, எனக்கு அஞ்சரை வேண்டாம்."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"இப்ப பேசாம பொறவு எப்ப பேச? அந்தோணிப்பிச்ச கத்துனத நாம ரெண்டு பேரும் கேட்டோமில்லா. செத்தும் ஒருக்க இத அனுபவிக்க என்னால ஏலாது."

டெல்பின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "வரியத் தொடாமலே ஒரு வழி இருக்குங்க. அடிக்கும்போதே நேரத்துல அஞ்சரை மணியக் கொறச்சு அடிச்சா, அது கூட்டும்போது சரியான நேரத்துல வந்து நின்னுரும். எழும்ப வேண்டி வராது."

ரோமால்ட் கண்ணைத் திறந்தான். "இது அன்னைக்கே ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா அந்த மனுஷனக் கத்த விட்ட?"

"நெனப்பு வரல" என்றாள். அது பொய்யில்லை. இரண்டாம் வகுப்புக் கழித்தல் கணக்கு அது, ஆனால் சீட்டில் இருக்கிற நேரத்தை அப்படியே அடித்து அடித்துப் பழகிய கைக்கு அன்று வேறொன்றும் தோன்றவில்லை, கொறைரா வேறு எதிரில் நின்றார். ஆனாலும் நினைப்பு வராதது ஒரு சாக்கு என்று அவளுக்கே பட்டது, அந்த வெட்கம் அவளை விட்டுப் பிறகு போகவே இல்லை.

"எனக்குப் போடும்போதாவது நெனப்பு வரட்டும்" என்றான் ரோமால்ட். "சத்தியம் பண்ணு."

அவள் சத்தியம் பண்ணினாள், மனசுக்குள் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பண்ணினாள்.

சாவு ஒரு சனிக்கிழமை காலையில் வந்தது. ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால் ரோமால்ட் பல மாதங்களாகக் கேட்காத தெளிவான குரலில், "டெல்பி, இங்க வந்து கொஞ்சம் உக்காரு, ஒண்ணு சொல்லணும்" என்றான். அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. "இந்தா அணைச்சிட்டு வந்துர்றேன்" என்று போனாள். அடுப்பை அணைத்து, வழிந்ததைத் துடைக்காமல் விட்டுவிட்டுத்தான் ஓடி வந்தாள். அதற்குள் அவன் போய்விட்டிருந்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது.

மற்ற ஊர்களில் புருஷன் செத்தால் பெண்டாட்டி விழுந்து அழலாம். சிப்பித்துறையில் டெல்பினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, பதிவு செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். டாக்டர் வந்து பார்த்து ஏழு மணி என்று எழுதினார், கொறைரா சீட்டை வாங்கினார், டெல்பின் ஆணியில் இருந்து சாவியை எடுத்தாள். அவள் மாமியார் செசிலியாள் அழுகையை அடக்கிக்கொண்டு, மகன் எழுந்ததும் சாப்பிட வேண்டுமே என்று அதற்குள் இடியாப்பத்துக்கு மாவு பிசைய உட்கார்ந்துவிட்டாள். கோவிலில் முதல் துக்கமணி அடித்தது. தெருவில் போகிற வழியெல்லாம் சைக்கிள்காரர்கள் இறங்கி ஒதுங்கி நின்றார்கள்.

கம்ப்யூட்டர் விழித்துக்கொள்ள இரண்டு நிமிடம் எடுத்தது. பெயர் அடித்தாள், வயது நாற்பத்தொன்று என்று அடித்தாள், ஊர், தெரு, கதவு எண், தகப்பன் பெயர், மனைவி பெயர் என்ற இடத்தில் தன் பெயர் எல்லாம் அடித்தாள். நேரம் என்ற கட்டம் காலியாக மினுங்கிக்கொண்டிருந்தது. ஏழு என்று அடித்தால் போதும், பன்னிரண்டரை மணி வரை அவன் இருப்பான், அவளை உட்காரச் சொன்னானே, என்ன சொல்ல வந்தான் என்று கேட்கலாம், பதினாறு வருடத்தில் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டு உட்காரவைத்ததில்லை, அது பெரிய விஷயமாக இருக்கலாம், ஒன்றுமில்லாத விஷயமாகவும் இருக்கலாம், எதுவாக இருந்தாலும் அது அவளுக்குச் சேர வேண்டியது, ஊரில் பேர் தெரியாத கிழவருக்கெல்லாம் கிடைத்தது அதை எழுதியவளுக்குக் கிடைக்கக் கூடாதா? ஒரு வேளை வலி வராமலும் போகலாம், லியோனுக்கு வரவில்லையே. வந்தால் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன், மருந்து கொடுக்கிறேன், ஐந்து நிமிடம் பேசினால்கூடப் போதும். ஐந்து நிமிடம் மட்டும் கிடைக்கிற மாதிரியும் கூட்டிக் கழித்து அடிக்கலாம்தான், ஆனால் அவன் வேண்டாம் என்றது அந்த ஐந்து நிமிடத்தையும் சேர்த்துத்தான். ஏழு என்ற எண்ணின்மேல் அவள் விரல் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கொறைரா வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார், திரையின் முதுகுதான் அவருக்குத் தெரியும்.

டெல்பின் விரலை எடுத்து, ஒன்று முப்பது என்று அடித்தாள். அடித்ததும் பெரிதாக ஒரு மூச்சு வந்தது, அழுகையா என்னவென்று தெரியவில்லை.

"போட்டாச்சா பிள்ள?"

"போட்டாச்சு அண்ணாச்சி."

"அப்ப எந்திச்சு வா. எழும்புனதும் உன்னத்தான் தேடுவான்."

வீட்டில் கூட்டம் கூடியிருந்தது. இடியாப்பம் வெந்து, தேங்காய்ப்பால் எடுத்து, தட்டு கழுவி வைத்திருந்தது. ரோமால்ட் எழவில்லை. எட்டு மணி ஆனது, எட்டரை ஆனது, பிள்ளைகளை வாயை மூடச் சொன்னார்கள், யாரோ அவன் காலை ஆட்டிப் பார்த்தார்கள். "நெட்டு போயிருக்கும்" என்று ஒருவர் சொன்னார். கொறைரா, இன்னொரு தரம் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். டெல்பின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்து நகரவில்லை.

"எழும்ப மாட்டாங்க" என்றாள். "நான்தான் அப்படிப் போட்டேன்."

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. விளங்கியதும் செசிலியாள் மாவு ஒட்டிய கையோடு எழுந்து வந்தாள். "என்னட்டி சொன்ன?"

"அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க மாமி. சத்தியம் வாங்கிட்டாங்க."

"பெத்தவ நான் இருக்கேன். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா? எம்பிள்ள எழும்புறதத் தடுக்க நீ யாருட்டி?" செசிலியாள் அவள் தோளிலும் முதுகிலும் அடித்தாள், நன்றாக ஓங்கித்தான் அடித்தாள். டெல்பின் தடுக்கவில்லை. அடி விழுந்தது ஒருவகையில் ஆறுதலாகவே இருந்தது.

"சிலுவையத் தொட்டுக் கமிட்டிக்குக் குடுத்த வாக்கு என்னாச்சு?" என்று கொறைரா குரலை உயர்த்தினார்.

"வரிய நான் தொடல அண்ணாச்சி. இன்னைக்கும் அது அப்படியேதான் கெடக்கு. யாருக்கு வேணுமோ அவங்களுக்கு உண்டு."

கொறைரா மேலும் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் செசிலியாள் அடிப்பதை நிறுத்திவிட்டு மகன் முகத்துக்கு நேராகக் குனிந்தாள். அவள் வெகுநேரம் பார்த்தாள். கருப்பட்டி நிற நெற்றியில் எத்தனையோ மாதங்களாக முடிச்சுப் போட்டுக்கிடந்த சுருக்கம் இல்லை. பல்லைக் கடித்துக் கடித்து இறுகிப்போயிருந்த தாடை தளர்ந்திருந்தது. அவள் மாவுக்கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஒரு விரலால் அந்த நெற்றியைத் தடவினாள்.

"சத்தம் போடாத கொறைரா" என்றாள். "எம்பிள்ள தூங்குதான்."

அந்தோணிப்பிச்சையின் பெண்டாட்டி வாசல் பக்கம் நின்றவள், முகத்தை மூடிக்கொண்டு அப்படியே சுவரோடு உட்கார்ந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்க டெல்பினுக்குத் தைரியம் இல்லை.

செசிலியாள் திரும்பி எல்லாரையும் பார்த்துப் பேசினாள். "பன்னெண்டரை வரைக்கும் எம்பிள்ளய யாரும் எடுக்கக் கூடாது. அவனுக்கு வேண்டாம்னுட்டான், சரி. எங்களுக்கு வேணும். எல்லாரும் வெளிய போங்க." பிறகு தட்டில் இருந்த இடியாப்பத்தை எடுத்துக்கொண்டு அவளும் வெளியே போய், வந்திருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அறையில் மருந்து வாடை இருந்தது, ஜன்னல் வழியாகப் பகல் வெளிச்சம் கட்டில்மேல் விழுந்தது. என்ன சொல்ல வந்தீங்க என்று டெல்பின் ஒருமுறை கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வராது என்பது தெரிந்தும் காத்திருந்தாள். எட்டு மாதமாக அவள் அந்த உடம்பை ஈரத் துணியால் ஒற்றி எடுத்ததைத் தவிர வேறு விதமாகத் தொட்டதில்லை. போர்வையின் கனம்கூட அவனுக்குத் தாங்கவில்லை, கையைப் பிடித்தாலே, தெரியாமல் கட்டிலில் இடித்தாலே, பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்பான். அவள் கட்டிலில் ஏறி அவனுக்குப் பக்கத்தில் படுத்தாள். ஒரு கையைக் கழுத்துக்கு அடியில் கொடுத்து, இன்னொரு கையால் முதுகைச் சுற்றி வளைத்து, தன் பலம் எவ்வளவோ அவ்வளவும் சேர்த்து அவனை இறுகக் கட்டிக்கொண்டாள். அவன் முகம் சுளிக்கவில்லை.